ஜவ்வாது மலைக் கால்நடை மருத்துவ அறிவும் களப்பதிவின் போதாமையும்: மடிநோய்ப் பசையை முன்வைத்து

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த மலையூர்களில் மலையாளி என்னும் பழங்குடியினர் பெரும்பான்மையராக வாழ்கின்றனர். சாமை முதலான சிறுதானிய வேளாண்மை, ஆடு மாடு வளர்ப்பு, காடுபடு பொருள் சேகரிப்பு ஆகிய மூன்றும் இம்மக்களின் வாழ்வில் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. இம்மலையிலும் சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலைகளிலும் வழங்கும் மூலிகை அறிவு குறித்துத் தாவரவியலாளர் பல பட்டியல்களை வெளியிட்டுள்ளனர். தாவரத்தின் பெயர், அதன் குடும்பம், பயன்படும் உறுப்பு, தீர்க்கும் நோய் என்னும் நான்கு பத்திகளில் அப்பட்டியல்கள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. தாவர வளத்தை அறிய அவை உதவும். ஒரு மாட்டுக்கு மருத்துவம் பார்க்க உதவா. இவ்விடைவெளி எத்தகையது என்பதையும், தமிழ் ஆய்வாளர் அதில் ஆற்றக்கூடிய பணி யாது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நோய்ப்பெயரும் நோயும்

பட்டியல்களில் அடிக்கடி காணப்படும் நோய்ப்பெயர் 'கழிச்சல்'. குடற்புழுவாலும் கழிச்சல் உண்டாகும், நுண்ணுயிராலும் உண்டாகும், மழைக்குப்பின் தழைத்த இளம்புல்லை மிகுதியாக மேய்வதாலும் உண்டாகும். எனவே 'இன்ன இலை கழிச்சலுக்கு ஆகும்' என்னும் பதிவு ஓர் அறிகுறியைச் சொல்கிறதேயன்றி நோயைச் சொல்லவில்லை. சாணத்தின் நிறம், நாற்றம், கன்றா கறவையா, எந்தப் பருவம் என்பவற்றை மாடு வளர்ப்போர் நன்கறிவர். பட்டியலிடுவோர்தாம் அவற்றைக் கேட்பதில்லை.

வேறு சில பெயர்களில் இக்குழப்பம் உயிருக்கே தீங்காகும். 'அடைப்பான்', 'தொண்டை அடைப்பான்' என்னும் இரண்டும் பெயரளவில் உறவுடையவை, நோயளவில் வேறானவை. இவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வெவ்வேறு. முன்னது மனிதருக்கும் தொற்றக்கூடியது. அந்நோயால் இறந்த மாட்டை அறுப்பதோ தோலுரிப்பதோ கூடாது. இரண்டுமே விரைந்து கொல்வன. மூலிகை தேடிக் கழியும் ஒரு பொழுது மாட்டின் உயிரை வாங்கிவிடும். களத்தில் 'அடைப்பான்' என்று மட்டும் எழுதிக்கொண்டு திரும்பும் ஆய்வாளர் இவற்றுள் எதனைப் பதிவு செய்தார் என்று பின்னர் எவராலும் அறிய இயலாது. வெக்கை நோய் 2011-ஆம் ஆண்டில் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதனை ஒழித்தது தடுப்பூசி என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். மரபு மருத்துவத்தின் எல்லையை ஒப்புக்கொள்வது அதனை இகழ்வதாகாது.

தாவரப்பெயர்களும் இவ்வாறே. செங்காந்தளின் கிழங்கு கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு எனப் பலவாறு வழங்குகிறது. கொல்கிசின் என்னும் நச்சுப்பொருள் கொண்டது. வட்டாரப் பெயர் ஒன்றை மட்டும் நம்பி அளவு குறிக்காமல் எழுதப்படும் குறிப்பு மருந்தாகவும் அமையலாம், நஞ்சாகவும் அமையலாம்.

மடிநோய்ப் பசை

பட்டியலைக் கடந்து சென்ற முயற்சிக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி, மரபுவழி மருந்துகளை அளவோடும் செய்முறையோடும் வரையறுத்துப் பரவலாக்கினார். பின்னர் தேசியப் பால்வள வாரியமும் இத்தகைய செய்முறைகளை உழவரிடம் கொண்டுசென்றது. அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது மடிநோய்ப் பசை.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தால் செந்நிறப் பசை கிடைக்கும். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்துடன் கூடும்போது சிவக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் கூடிக் குங்குமமாவதும் இவ்வியல்பினாலேயே. மடியைக் கழுவி, பாலை முழுவதும் கறந்து நீக்கியபின், பசையில் ஒரு கைப்பிடி எடுத்து நீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூசுவது முறை. காரத்தில் குர்குமின் விரைவில் சிதையுமாதலால், பசையை அன்றன்று அரைப்பதே தக்கது.

இச்செய்முறை ஆய்வாளருக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. இதிலுள்ள மூன்றனுள் ஒன்றுகூடக் காட்டு மூலிகையன்று. மஞ்சள் அடுக்களைக்குரியது, சுண்ணாம்பு வெற்றிலைப் பெட்டிக்குரியது, கற்றாழை வீட்டோரத்தில் வளர்வது. கோமாரியில் வாய்ப்புண்ணுக்குப் பரிந்துரைக்கப்படும் மருந்தும் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் என அடுக்களையிலேயே முடிந்துவிடுகிறது. (அது புண்ணை ஆற்றவே பயன்படுவது, கோமாரி வைரசைத் தடுக்கத் தடுப்பூசிதான் வேண்டும்.) அரிய தாவரத்தைத் தேடி மலையேறும் ஆய்வாளர், கையெட்டும் தொலைவில் இருந்ததைப் 'பழங்குடி அறிவு' எனக் கருதாமல் விட்டுவிடுகிறார் என்றே தோன்றுகிறது.

பசையின் பயனை அளப்பதும் எளிதன்று. ஈ. கோலை முதலிய சில நுண்ணுயிர்களால் வரும் மிதமான மடிநோய் பெரும்பாலும் தானே குணமாகிறது. இதனால் மேலைநாட்டுப் பண்ணைகள் பலவற்றில், பாலைச் சோதித்த பின்னரே எதிருயிரி மருந்து கொடுப்பதா வேண்டாவா என்று முடிவு செய்கின்றனர். அங்ஙனமாயின் பூசியபின் குணமான மாடு பசையால் குணமாயிற்றா, அடிக்கடி கறந்து நீக்கியதால் குணமாயிற்றா, தானே குணமாயிற்றா என்னும் வினா எழும். ஒப்பீட்டுக் குழுவும், பாலில் உடலணு எண்ணிக்கையும், நுண்ணுயிர்ச் சோதனையும் இன்றி இதற்கு விடை கிடைக்காது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவை மடித்திசுவின் உள்ளே பதுங்குவதால், எதிருயிரி மருந்துக்கும் அவை எளிதில் அடங்குவதில்லை.

எனினும் இவ்வினாவைத் தொடர்ந்து ஆராயத் தக்க காரணம் உண்டு. எதிருயிரி மருந்து செலுத்திய மாட்டின் பாலைக் குறித்த நாள்வரை விற்கலாகாது. அவ்விதி மீறப்படும்போது மருந்தின் எச்சம் மனிதருக்குச் செல்கிறது. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள் பெருகவும் வழியாகிறது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளில் கொலிஸ்டின் மருந்தை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது இவ்வச்சத்தினாலேயே. பசை மெய்யாகவே சில மடிநோய்களுக்குப் போதுமென நிறுவப்பட்டால், எதிருயிரியின் தேவை அந்த அளவுக்குக் குறையும். மறுபுறம், விடியலில் காட்டுக்கு மேயச் சென்று மாலையில் திரும்பும் மலைமாட்டுக்குப் பகலில் பத்து முறை பூசுவது எவ்வாறு என்பதும் ஆய்வுக்குரிய வினாவே. ஆய்வகம் இதனைக் கேட்காது. களஆய்வாளர்தாம் கேட்க வேண்டும்.

களப்பதிவில் சேர வேண்டியவை

தமிழில் மாட்டு வாகடம் என்றொரு நூல்வகை ஏட்டு மரபிலேயே உண்டு. எழுத்தில் நின்ற அம்மரபையும் மலையூர்களின் வாய்மொழி மரபையும் நோய்ப்பெயர் வாரியாக ஒப்பிட்டால் எவ்வெப்பெயர் எவ்வெவ்வறிகுறிகளின் தொகுப்பைக் குறித்தது என அறிய வாய்ப்புண்டு. சொல்லாய்வில் பயின்றோர் செய்யவேண்டிய பணி இது. அதற்கு, சொல்லியவர் விவரித்த அறிகுறியை அவர் சொற்களிலேயே எழுத வேண்டும். கைப்பிடி, விரற்கடை, பாக்களவு முதலிய அளவைகளை உரியவரைக்கொண்டே அளந்து கிராமில் குறிக்க வேண்டும். மருந்து கொடுத்தும் இறந்த மாடுகளைப் பற்றியும் கேட்க வேண்டும். பிழைத்தவையே நினைவில் நிற்பது மனித இயல்பு; கேட்டாலன்றி மற்றவை வெளிவாரா.

சொன்னவர் யார், எவ்வூரார், வெளியிட இசைந்தாரா என்பதும் பதிவின் பகுதியே. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் மரபறிவினால் வரும் பயனில் அறிவுக்குரியோர்க்குப் பங்குண்டு என்கிறது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் அரசு அட்டவணையிலுள்ள மருத்துவ நூல்வழி அறிவுக்கு இதிலிருந்து விலக்களித்தது. நூலேறாத மலையாளி மக்களின் கால்நடை மருத்துவம் அவ்விலக்கில் அடங்காது. ஆகவே நாளை ஒரு நிறுவனம் இம்மருந்துகளுள் ஒன்றைக் குப்பியில் அடைத்து விற்க முன்வருமாயின், பங்கு கோரும் ஊரார் எடுத்துக்காட்டக்கூடிய சான்றாக ஆய்வாளரின் களக்குறிப்பேடு மட்டுமே எஞ்சக்கூடும்.