மொய்க் கணக்கு யார் லேப்டாப்பில்?

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்து களைகட்டிவிடும். கறிவிருந்துப் பந்தலின் ஓரத்தில் முன்பு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். இப்போது லேப்டாப், பணம் எண்ணும் எந்திரம், ரசீது அடிக்கும் பிரின்டர் என்று மேசையே மாறிவிட்டது.

இந்த வேலைக்குப் பெரிய சர்வர் எதுவும் தேவையில்லை. 1992-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஸ் போன்ற சின்ன டேட்டாபேஸே தாராளம். ஆக்சஸ் கோப்புக்கு எல்லை 2 ஜிபி. ஐயாயிரம் பேர் மொய் எழுதினாலும் அதில் ஒரு மூலைகூட நிறையாது. எக்செலில் தொகைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் ஒருவர் பணம் இன்னொருவர் பெயருக்குப் போய்விடும். டேட்டாபேஸில் ஒரு வரி எப்போதும் ஒரே வரிதான். ஆக்சஸில் அடுத்த வரிக்குப் போனதுமே முந்தையது பதிவாகிவிடுவதால் கரன்ட் போனாலும் அது தப்பிக்கும்.

சங்கடம் வேறு இடத்தில். ‘குருவிக்கரம்பை’ என்று ஒரு மேசையில் அடிக்கிறார்கள். பக்கத்து மேசையில் ‘குருவிகரம்பை’. மனுஷனுக்கு ஒரே ஊர், கம்ப்யூட்டருக்கு இரண்டு ஊர். செல்வராசு, செல்வராஜ் கதையும் இதேதான். எல்லா மேசையும் வைஃபையில் ஒரே கோப்பைத் திறந்து எழுதினால், நடுவில் இணைப்பு அறுந்து கோப்பே கெட்டுப்போகலாம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய பட்டியலோ, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கவலை, விருந்து முடிந்த மறுநாள் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது. மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன். வழக்கமாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் சுற்று, 2018 நவம்பரில் தென்னையைச் சாய்த்த கஜா புயலாலும், அடுத்து வந்த கொரோனாவாலும் பல வீடுகளில் தள்ளிப்போனது. ஏழெட்டு வருடத்துக் கணக்கைத் தேட வேண்டிய நிலை. நோட்டு பீரோவில் இருந்தது. கோப்போ, வாடகைக்கு வந்த ஆபரேட்டரின் லேப்டாப்பில் இருக்கிறது. அவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டால்? ஹார்டு டிஸ்க் போய்விட்டால்? யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற ஊர்க் கடன் மொத்தமும் வெளியாள் ஒருவர் கையில் இருப்பது நல்லதா?

இணையத்தில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்பாரும் உண்டு. சந்தாவும் கடவுச்சொல்லும் யார் பெயரில் என்ற கேள்வி அங்கேயும் நிற்கும்.

எனவே மொய் விருந்து வைப்பவர்களே, அன்று இரவே ஊர்வாரியாக முழுப் பட்டியலையும் அச்செடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். எந்தக் கணினியிலும் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக இரண்டு பென்டிரைவில் வாங்கி வையுங்கள். ஆபரேட்டரிடம் உள்ள பிரதியை உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு அவருக்குக் கூலி கொடுங்கள்.