மே மாதக் குப்பையும் செப்டம்பர் மாதத் தேவையும்

அறுவடைக் காலத்தில் நெல் விலை இறங்குவதும், சில மாதங்களில் ஏறுவதும் அங்கத்தினர்கள் அறிந்ததே. அவ்விடைவெளியைக் கடக்க உதவுவது சங்கக் கிடங்கு. இவ்வுண்மையை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் சர்வகலாசாலை மாணவர்கள் 2011-ஆம் ஆண்டில் வேறு வகையில் மெய்ப்பித்தனர்.

அங்கே மே மாதத்தில் விடுதியைக் காலி செய்வோர், கொண்டு செல்ல இயலாத விளக்கு, நாற்காலி, விரிப்பு முதலியவற்றைக் குப்பையில் எறிந்தனர். கோடை கழிந்ததும், புதிதாக வருவோர் அவற்றையே முழு விலைக்கு வாங்கினர். பொருளில் குறையில்லை, கொடுப்போருக்கும் கொள்வோருக்கும் இடையே மூன்று மாதம் கிடந்தது, அவ்வளவே.

மாணவர்கள் அப்பொருள்களைத் திரட்டிக் கோடை முழுவதும் காத்து, கல்வியாண்டுத் தொடக்கத்தில் மலிவாக விற்றனர். அந்த வருவாயே அடுத்த ஆண்டுச் செலவுக்கு ஆயிற்று. இம்முறையைப் பிற கல்லூரிகளுக்கும் கற்பிக்க 2013-இல் ஓர் அமைப்பும் தோன்றியது.

ஒருவர் வீட்டுப் பரணில் அச்சும் விழுதும் தூசி படிந்திருக்க, அடுத்த தெரு அங்கத்தினர் அதே நம்பர் அச்சைக் கடன்பட்டு வாங்குவதை நாம் தணிக்கையின்போது கண்டதுண்டு. எந்த நம்பர் யாரிடம் உள்ளது என்று குறிக்கச் சங்கத்தில் ஒரு பதிவேடு இருந்தால், அக்கடன் வேண்டியதில்லை.