ஹெந்தளைக் கரையில் தைமாதப் பறவைகள்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நம்மவர் பலருக்குக் கடற்கரைப் பறவை என்றால் காகமே நினைவுக்கு வரும். தை மாதத்திலே, வானம் தெளிந்த ஒரு நாளில், களனி கங்கையைக் கடந்து ஹெந்தளைக் கரைக்குச் சென்றால் அவ்வெண்ணம் மாறிவிடும்.

செல்லும் வேளையை முதலிற் சொல்லிவிடுகிறேன். நமது கரை மேற்கு நோக்கியது. காலையிற் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் நிற்பதால், அலையோரத்துப் பறவையின்மீது ஒளி முழுவதும் விழும். மாலையிலோ கண் கூசும். பறவைகள் கரிய நிழல்களாகவே தோன்றும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலமாதலின் கடலும் அடங்கிக் கிடக்கும். தூரதிருஷ்டிக் கண்ணாடி இருந்தால் நன்று. இல்லையென்று வீட்டிலே தங்கிவிட வேண்டுவதில்லை.

இப்பருவத்து விருந்தினருள் ஒன்று பழுப்புத்தலைக் கடற்காகம். பெயரை நம்பித் தலையைப் பார்ப்பவர் ஏமாறுவர். அப்பழுப்பு இனப்பெருக்கக் காலத்து ஆடை. திபெத்திய மேட்டுநில ஏரிகளிலே அணிவது. இங்கு வந்திருக்கும்போது தலை வெண்மையாகி, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் எஞ்சியிருக்கும். பங்குனியிற் சிலவற்றுக்குப் பழுப்பு மீளத் தொடங்கும். அது புறப்பாட்டின் அறிகுறி.

ஆகையால் நிறத்தை விட்டுத் தொழிலைப் பாருங்கள் என்றே பாடசாலைப் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது வழக்கம். கொண்டையுடைய பெரிய ஆலா உயரத்திலிருந்து தலைகீழாக நீரிற் பாயும். மீசை ஆலா அவ்வாறு மூழ்காது. தாழப் பறந்து நீரின் மேற்பரப்பிலிருந்தே இரையை எடுக்கும். வாலை ஓயாது ஆட்டுவது உள்ளான். மைனாவிலும் சிறிய உப்புக்கொத்தியோ சில அடி ஓடும், சட்டென நிற்கும், குனிந்து கொத்தும், மீண்டும் ஓடும். அதன் அலகு குறுகியது, கண் பெரியது. கண்ணாற் கண்டதையே அது கொத்துகிறது. இதனை மனத்திற் கொள்ளுங்கள்.

கொழும்புக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. எனவே பரந்த சேற்றுநிலம் கடலோரத்தில் வெளிப்படுவதில்லை. சேற்றில் இரைதேடும் பறவைகளுக்கு அக்குறையைத் தீர்ப்பது, கரைக்குப் பின்னால் நீர்கொழும்புக் களப்பு வரை நீளும் முத்துராஜவெல சதுப்புநிலமே. அந்நிலத்து உவர்நீரை வடிப்பதற்கென 1802 முதல் 1804 வரை வெட்டப்பட்ட ஹமில்டன் கால்வாய் ஹெந்தளையின் ஊடாகவே செல்கிறது. சதுப்பின் ஒரு பகுதி 1996இற் சரணாலயமாயிற்று. சைபீரியாவின் வடபனிவெளியில் முட்டையிடும் பொன்னிற உப்புக்கொத்தியும் இத்தகைய ஈரப் புல்வெளிகளை நாடி வருகிறது. சதுப்பை மண்ணிட்டு நிரப்பினால் கடற்கரையிலும் பறவை குறையும் என்பதை வீடு கட்டுவோர் எண்ணுவதில்லை.

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலில் தீப்பற்றியது. ஜூன் மாதத்தில் அது மூழ்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளிற் பெருந்தொகை கடலிற் கலந்தது. சரக்குவ, பமுனுகம கரைகள் வெண்பனி பெய்தாற்போலக் கிடந்தன. வாரியெடுத்தவை போக, மணலிற் புதைந்தவற்றை அலை கிளறிக் கிளறி மேலே கொணர்ந்தது. பயறளவான ஒரு வெள்ளை மணியைக் கண்ணாற் கண்டு கொத்தும் பறவை இரையென மயங்குவதற்கு எவ்வளவு நேரமாகும்?

கரைக்குச் செல்வோர் பறவைக் கூட்டத்தை நோக்கி ஓடாதிருத்தல் வேண்டும். பிள்ளைகளையும் நாய்களையும் ஓட விடலாகாது. ஒவ்வொரு முறை எழுந்து பறக்கும்போதும், நெடும்பயணத்துக்கெனச் சேர்த்த கொழுப்பிற் சிறிது செலவாகிறது. சித்திரை பிறந்தபின் போனால் விருந்தினர் பெரும்பாலும் புறப்பட்டிருப்பர். செம்பருந்தும் கொக்கும் நீர்க்காகமுமே அங்கே நிற்கும்.