நோவு என்னும் காவலன்

மழைக்காலத்தில் ஏரிக்கரையைக் காவல் புரிவோர், கரையின் வெளிப்புறத்தில் ஒரு சிறு கசிவைக் கண்டால் வாளா இருப்பதில்லை. உடனே ஊராரை அழைத்து, மண்ணும் தழையும் இட்டு அதனை அடைப்பர். அன்று நாலு கூடை மண்ணால் அடைபடும் கசிவு, மறுநாள் உடைப்பாகப் பெருகிவிட்டால் ஊரே திரண்டாலும் அடைபடாது. உடலின் இயல்பும் இத்தகையதே. பெருநோய்கள் பல, வருவதற்கு முன்னரோ வந்த தொடக்கத்திலோ சிறு குறிகளை நமக்குக் காட்டுகின்றன. அக்குறிகளை அறிந்து நடப்பவர் உடல்நலம் காப்பர். புறக்கணிப்பவர் பின்னர் வருந்துவர்.

தாகம், சோர்வு, காய்ச்சல், நோவு முதலியன உடல் நமக்கு விடுக்கும் செய்திகளாம். இவற்றுள் மக்கள் மிகுதியும் வெறுப்பது நோவு ஆகும். நோவே இல்லாத வாழ்வு வேண்டும் என்று விரும்பாதார் யார்? ஆயினும், சற்று ஆழ்ந்து நோக்குவோமாயின், நோவினும் சிறந்த காவலன் உடலுக்கு வேறில்லை என்பது விளங்கும்.

சூடான பாத்திரத்தில் விரல் பட்ட அளவில் கை தானே பின்வாங்குகிறது. சுடுகிறது என்பதனை மூளை அறிவதற்கு முன்னரே, தண்டுவடமானது கையை இழுத்துக்கொள்ளுமாறு தசைகளை ஏவிவிடுகிறது. நெடுந்தொலைவு நடப்பவர், ஒரே இடத்தில் அழுத்தம் மிகும்போது, தம்மை அறியாமலேயே அடிவைப்பைச் சிறிது மாற்றிக்கொள்கின்றனர். கண்ணில் ஈரம் குறையும்போது இமை தானே மூடித் திறக்கிறது. இவ்வாறு நொடிதோறும் நம்மைக் காப்பது உணர்ச்சி நரம்புகளின் தொண்டேயாம்.

இக்காவலன் இல்லாவிடின் யாது நேரும்? பாகிஸ்தானத்தின் வடபகுதியில், பிறவியிலேயே நோவு அறியாத சிலர் இருந்த குடும்பங்களை அறிஞர்கள் ஆராய்ந்து, 2006 ஆம் ஆண்டில் அதன் காரணத்தை வெளியிட்டனர். நோவுச் செய்தியை எழுப்புதற்குரிய மரபணு ஒன்று அவர்களிடம் பழுதுற்றிருந்தது. அவர்களால் அறியப்பட்ட சிறுவன் ஒருவன், தெருவில் வேடிக்கை காட்டுவதற்காகத் தன் கையில் கத்தியைச் செருகிக்கொள்வான். நெருப்புத் தணல்மீது நடப்பான். காண்போர் வியந்தனர். ஆனால், ஏறத்தாழ 14 வயதிலேயே, வீட்டின் கூரையினின்று குதித்து அவன் உயிர் துறந்தான். நோவு அறியாமை பேறு அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இவ்வுண்மையை நம் நாட்டில் நெடுங்காலம் ஆராய்ந்து தெளிந்தவர் பால் பிராண்டு என்னும் மருத்துவர் ஆவர். அவர் 1914 ஆம் ஆண்டில் கொல்லிமலையில் ஆங்கிலேயப் பெற்றோர்க்குப் பிறந்தவர். 1946 ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து, தொழுநோயாளரின் கைகால்களைக் குறித்து ஆராயத் தொடங்கினார். தொழுநோயால் சதை தானே அழுகி, விரல்கள் உதிர்கின்றன என்றே அந்நாளில் பலரும் எண்ணியிருந்தனர். ஆதலின், அவர்தம் கைகளைச் செப்பனிட முயல்வது வீண் என்று கருதப்பட்டது.

ஒருநாள் துருவேறிய பூட்டொன்றைத் திறக்க இயலாமல் பிராண்டு திகைத்து நின்றார். அப்போது நோயாளனான சிறுவன் ஒருவன் முன்வந்து, திறவுகோலைப் பற்றி எளிதில் திருப்பிவிட்டான். மெலிந்த சிறுவனுக்கு இத்துணை வலிமை எங்ஙனம் வந்தது என வியந்த மருத்துவர், தரையில் குருதித் துளிகளைக் கண்டார். சிறுவனின் விரல் எலும்பு தெரியுமளவு அறுபட்டிருந்தது. அவனோ அதனை உணரவே இல்லை. வேறு சில நோயாளரின் விரல்கள் இரவில் காணாமற்போயின. காவலிருந்து பார்த்தபோது, அவர்கள் உறங்குகையில் எலிகள் வந்து கடித்தமை புலப்பட்டது. அதன்பின் அந்நோயாளர் பூனை வளர்க்கலாயினர்.

இவற்றால் பிராண்டு கண்ட உண்மை யாது? தொழுநோய்க் கிருமி விரலை உதிர்ப்பதில்லை. உணர்ச்சி நரம்புகளையே கெடுக்கிறது. நோவு இல்லாமையால் தீப்புண்ணும் வெட்டுக்காயமும் கவனிப்பாரற்றுப் பெருகி, உறுப்புகள் சிதைகின்றன. அவ்வுறுப்புகளின் சதையோ, தக்கவாறு காக்கப்படின் ஏனையோர் சதையைப் போலவே ஆறுகிறது. இதனை உணர்ந்த பிராண்டும் அவர்தம் துணைவரும், தசைநாண்களை இடம்மாற்றி அமைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தினர். புண்படாத மெல்லிய ரப்பர்ச் செருப்புகளைச் செய்வித்தனர். நாள்தோறும் கைகால்களைக் கண்ணால் ஆராயுமாறு நோயாளர்க்குப் பயிற்சி அளித்தனர். நரம்பு செய்யத் தவறிய காவலைக் கண் செய்யலாயிற்று.

பின்னர் 1966 ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே, அழுத்தம் மிகும்போது ஒலியெழுப்பும் கருவியைக் கையுறையில் பொருத்திச் செயற்கை நோவை உண்டாக்க முயன்றார். நோயாளர் அவ்வொலியைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தருமாறு கருவியை மாற்றியபோது, கடினமான வேலை வந்தவுடன் அதனை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். எச்சரிக்கையை நிறுத்தும் உரிமை மனிதன் கையில் இருப்பின், அவன் அதனை நிறுத்தியே விடுவான் என்பதனைப் பிராண்டு இதனால் அறிந்தார்.

மாணவர்களே! இவ்விடத்தில் நாம் நம்மையே சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். தலைநோவு அடிக்கடி வருமாயின், அதன் காரணத்தை ஆராயாது மாத்திரை ஒன்றை விழுங்கி அமைதியடைகிறோம். கண் களைத்தபின்னும் படிப்பதை நிறுத்துவதில்லை. உறக்கம் வந்து அழைக்கும்போது அதனை விரட்டுகிறோம். கையுறைக் கருவியை நிறுத்தியவர்க்கும் நமக்கும் வேறுபாடு யாது? அவர்க்கேனும் நரம்பு கெட்டிருந்தது. நமக்கோ நல்ல நரம்பு இருந்தும் அதன் சொல்லைக் கேளாதிருக்கிறோம்.

இனி, நோவு இல்லாமல் வரும் குறிகளும் உள என்பதனை மறத்தலாகாது. தொழுநோயே அதற்குச் சான்று. தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை தோன்றி, அவ்விடம் உணர்ச்சியற்றிருப்பது அதன் தொடக்கக் குறிகளுள் முதன்மையானது. நோகவில்லையே என்று எண்ணிப் பலர் அதனை விட்டுவிடுகின்றனர். அஞ்சி மறைப்பாரும் உளர். 1981 ஆம் ஆண்டில் உலக நல நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளால், இந்நோய் 6 முதல் 12 மாதங்களில் முற்றும் தீர்கிறது. நம் அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து விலையின்றிக் கிடைக்கிறது. மருந்து உட்கொள்ளத் தொடங்கியவரிடமிருந்து நோய் பிறர்க்குப் பரவுவதும் விரைவில் நின்றுவிடுகிறது. ஆகவே, அவரை ஒதுக்குவது அறமும் அன்று, அறிவும் அன்று. காலம் தாழ்த்தி நரம்பு கெட்டபின் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, இழந்த உணர்ச்சியை மீட்டுத் தருதல் அரிது.

வேறு சில குறிகளையும் நினைவிற் கொள்க. இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல் காசநோயின் குறியாகலாம். மிகுந்த தாகமும், அடிக்கடி சிறுநீர் கழித்தலும், காரணமின்றி உடல் மெலிதலும் நீரிழிவின் குறிகளாகலாம். நீரிழிவு முற்றினால் கால்களின் உணர்ச்சி குன்றும். அந்நோயாளரும் நாள்தோறும் தம் பாதங்களைப் பார்த்தல் இன்றியமையாதது. ஆறாத புண்ணையும், இடைவிடாத காய்ச்சலையும், மார்பை அழுத்தும் நோவையும் எவரும் எளியனவாகக் கொள்ளலாகாது. மிகு குருதியழுத்தமோ பெரும்பாலும் யாதொரு குறியும் காட்டாது. ஆதலின் பெரியோர் அதனை அவ்வப்போது அளந்து பார்த்தல் வேண்டும்.

இவற்றைக் கேட்டுச் சிறு தும்மலுக்கும் அஞ்சி நடுங்குதல் தகாது. சோர்வுக்கு ஓய்வும், தாகத்திற்கு நீரும், பசிக்கு உணவும் கொடுத்தால் பெரும்பாலான குறிகள் தாமே நீங்கிவிடும். நீங்காது நிலைப்பனவற்றையும், மேன்மேலும் வளர்வனவற்றையும் மருத்துவரிடம் காலத்தே காட்டுதல் வேண்டும். நும் இல்லத்தில் தாயோ தந்தையோ பாட்டியோ, வேலை மிகுதியால் தம் உடற்குறிகளை மறைத்து வாழ்தல் கூடும். அவர்களை அன்போடு வினவி, மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நும் கடமையாகும்.

காவலன் குரல் கொடுக்கும்போது எழுபவன் தன் பொருளைக் காத்துக்கொள்கிறான். உடலின் குரலுக்குச் செவிசாய்ப்பவனும் அவ்வாறே தன் நலத்தைக் காத்துக்கொள்வான்.