300 மீற்றர் குறி, 1500 மீற்றர் மரணம்

தீவகத்தில் வளர்ந்த என் தலைமுறைக்கு, வெடிச்சத்தத்தைக் கேட்டே எந்தத் துவக்கு என்று சொல்லத் தெரியும். ஆனால் அதன் குறி எத்தனை மீற்றருக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும், ரவை அதற்கு அப்பால் எவ்வளவு தூரம் போகும் என்பவை எங்களில் பலருக்குத் தெரியாது. "தூரத்திலிருந்து சுட்டது, தவறுதலாகப் பட்டுவிட்டது" என்ற விளக்கத்தை எடைபோட இந்தக் கணக்குத் தேவை.

போரில் இரு தரப்பிடமும் இருந்த ரி-56, கலாஷ்னிகோவ் வழிவந்த சீனத் துப்பாக்கி. சுடுபவர் பார்க்கும் கோடு நேரானது. ரவை போகும் பாதை வளைவானது. குழாயை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. அதனால் குழாய் சற்று மேல்நோக்கி இருக்கும்படி குறி அமைக்கப்படுகிறது. ரவை பார்வைக் கோட்டைத் தாண்டி மேலேறி, பிறகு இறங்கி மீண்டும் அந்தக் கோட்டைத் தொடும் தூரத்துக்கே குறி சரிசெய்யப்பட்டது என்கிறோம்.

அந்தத் தூரம் எதுவாக இருக்க வேண்டும்? 100 மீற்றருக்கு வைத்தால், 300 மீற்றரில் ரவை ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் கீழே போகும். நெஞ்சைக் குறிவைத்தால் தொடையில் படும். 300 மீற்றருக்கு வைத்தால், இடைவழியில் அது உயர்வது ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர்தான். இடுப்பை நோக்கிச் சுட்டால் 300 மீற்றருக்குள் எங்கு நின்றாலும் உடலில் படும். இந்த வகைத் துப்பாக்கிகளின் போர்க்களக் குறி பெரும்பாலும் 300 மீற்றரை ஒட்டி இருப்பதற்குக் காரணம் இதுவே. சண்டையில் தூரத்தை அளந்துகொண்டிருக்க நேரமில்லை.

ஆனால் குறியில் உள்ள எண் ரவை நிற்கும் இடமல்ல. இந்த வகை ரவை 1500 மீற்றர் வரை கொல்லும் வலு உடையது. 3000 மீற்றர் வரை பறக்கும். எங்கள் தீவுகளில் மலையில்லை, மேடில்லை. நெடுந்தீவின் கல்வேலிகள் தாழ்வானவை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் பாதை ஓடும் கடலைத் தாண்டியும் அந்த ரவை ஆளைக் கொல்லும். சாய்வாக நீரில் பட்டால் தெறித்துத் திசைமாறும். "மேலே பார்த்துத்தான் சுட்டோம்" என்பதும் பாதுகாப்பான பதிலல்ல. அது எங்கோ விழுந்தே ஆகும்.

மறுபுறம், கிட்டத்தில் இந்தக் கணக்கெல்லாம் பொருளற்றது. 2006 மே 13 அன்று அல்லைப்பிட்டி உட்படத் தீவகத்தின் மூன்று இடங்களில் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அல்லைப்பிட்டியில் ஒரு வீட்டுக்குள் புகுந்தே குழந்தைகள் உட்படப் பலரைச் சுட்டார்கள். ஓர் அறையின் அகலத்தில் ரவை வளைவதில்லை. தவறிய குறி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

ஆகவே சாட்சியம் எழுதுகிறவர்கள் சில விபரங்களை விட்டுவிடக் கூடாது. சுட்டவர் நின்ற இடம் எது, பட்டவர் நின்ற இடம் எது, இரண்டுக்கும் இடையே எத்தனை மீற்றர், இடையில் மதிலோ பனங்கூடலோ மறைத்ததா, வெளிச்சம் இருந்ததா? சுவரில் துளை இருந்தால் நிலத்திலிருந்து அதன் உயரத்தையும் உட்புகுந்த திசையையும் அளந்து, அளவுகோலுடன் படமெடுங்கள். துளையின் உயரம் மட்டும் எதையும் நிறுவாது. தூரமும் சேர்ந்தால்தான் அது பேசும்.

பல வீடுகள் இப்போது திருத்தப்படுகின்றன. சீமெந்து பூசுவதற்கு முன் அளந்துவிடுங்கள்.