நாலே மூவில் தோற்றவர் சாம்பியன் ஆன கதை!

காய்களை அடுக்கி, கைகுலுக்கி உட்கார்ந்து, வெறும் நாலே மூவில் ஆட்டம் காலி. இது நடந்தது சாதாரண போட்டியில் இல்லை, செஸ் ஒலிம்பியாடில்!

2022-ல் நம்ம மாமல்லபுரத்தில் நடந்ததே, அதே ஒலிம்பியாட் 1933-ல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் நடந்தது. அப்போதைய உலக சாம்பியன் அலெகைன், ஃபிரான்ஸ் அணிக்காக ஆடினார். ஆனால், செஸ்ஸை மட்டுமே நம்பிப் பிழைத்தவர்கள் அன்று மிகக் குறைவு. ஆர்வத்துக்காக ஆடிய அமெச்சூர்கள்தான் அதிகம்.

ஸ்காட்லாந்து இளைஞர் ராபர்ட் கோம்ப் வெள்ளைக் காய்களுடன் அமர்ந்தார். எதிரே லாட்வியாவின் ஹாசன்ஃபுஸ்.

என்ன நடந்தது?

முதல் மூவில் ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார் கோம்ப். மூன்றாவது மூவில் ஹாசன்ஃபுஸ் ஒரு சிப்பாயை நடுப்பலகையில் கொண்டுவந்து நிறுத்தினார். பாதுகாப்பே இல்லாத சிப்பாய். சும்மா கிடைக்கிறதே என்று குதிரையால் வெட்டினார் கோம்ப்.

அடுத்த நொடி, கறுப்பு ராணி பலகையின் ஓரத்துக்கு வந்தது. செக்! முதல் மூவிலேயே சிப்பாய் நகர்ந்துவிட்டதால், ராஜாவுக்குப் போகும் குறுக்குப் பாதை திறந்து கிடந்தது. அதே ராணி, நேர்க்கோட்டில் குதிரையையும் குறிவைத்தது. ராஜாவைக் காப்பாற்றினால் குதிரை போய்விடும். கோம்ப் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஒலிம்பியாட் வரலாற்றில் மிகக் குறைந்த மூவில் வெற்றி தோல்வி முடிவான ஆட்டமாக, இன்றுவரை இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

13 வருடம் கழித்து...

அவமானத்தில் பலகையை மூடி வைத்திருந்தால், கோம்ப்பின் பெயர் இந்த ஒரு தோல்வியோடு முடிந்திருக்கும். அவர் தொடர்ந்து ஆடினார். 1946-ல், உலகப் போருக்குப் பிறகு நாட்டிங்ஹாமில் நடந்த முதல் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை வென்றார். பஞ்சாபிலிருந்து போன மீர் சுல்தான் கான் மூன்று முறை வென்ற அதே பட்டம்! 1952-ல், 40 வயதைத் தொடும் முன்பே கோம்ப் இறந்துபோனார்.

போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு டிப்ஸ்: காயைத் தொட்டுவிட்டால், அதைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி. அதனால் சும்மா கிடைக்கும் காயைப் பார்த்ததும் கையை நீட்டாதீர்கள். ‘இதை வெட்டினால், அவர் எங்கிருந்து செக் வைப்பார்?’ என்று ஒருமுறை பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று: பிள்ளை சீக்கிரமே தோற்று வெளியே வந்தால் திட்டாதீர்கள். நாலு மூவில் தோற்றவரின் கதையைச் சொல்லி, அடுத்த ரவுண்டுக்கு அனுப்புங்கள்!