நிலக்கரியின் வெப்பமதிப்பும் கலோரிமீட்டர் அளவீடும்: வடசென்னைப் பின்னணியில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்
நிலக்கரியின் தரம் கலோரிமீட்டர் காட்டும் வெப்பநிலை உயர்வைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. அவ்வெண் எந்த ஈரப்பத அடிப்படையில் பெறப்பட்டது என்பதையும் உடன் கூறினாலன்றி அது முழுமையான பொருள் தராது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கலோரிமீட்டர், வெப்பமதிப்பு, நிலக்கரி, ஈரப்பதம், வடசென்னை.

முன்னுரை
ஆளுநர் ஜோசப் காலெட் (1717–1720) காலத்தில் நெசவாளர் குடியிருப்பாக உருவான காலெட் பேட்டையே காலடிப்பேட்டை எனத் திரிந்தது. நெசவால் தோன்றிய அவ்வூருக்கு வடக்கே இன்று அனல்மின் உற்பத்தி நடைபெறுகிறது. ஒடிசாவின் தால்ச்சர் நிலக்கரி, பாரதீப் துறைமுகத்திலிருந்து கடல்வழியே எண்ணூர் வந்து, வடசென்னை அனல்மின் நிலையத்தை அடைகிறது. இந்தியாவில் 2012 சனவரி முதல் நிலக்கரி, மொத்த வெப்பமதிப்பின்படி 17 தரங்களாகப் பகுக்கப்படுகிறது. இடைப்பட்ட தரம் ஒவ்வொன்றின் அகலமும் கிலோவுக்கு 300 கிலோகலோரி ஆகும்.

அளவிடும் முறை
ஏறத்தாழ 1 கிராம் நிலக்கரித் தூள், பாம் கலோரிமீட்டரின் எஃகுக் கலத்துள் சுமார் 30 வளிமண்டல அழுத்த ஆக்சிசனில் எரிக்கப்படுகிறது. கலத்தைச் சூழ்ந்த நீரின் வெப்பநிலை உயர்வு அளக்கப்படுகிறது. கருவியின் வெப்ப ஏற்புத்திறன், கிராமுக்கு 26.43 கிலோஜூல் வெளியிடும் பென்சாயிக் அமிலத்தை எரித்து முன்னரே கண்டறியப்படும். எரியூட்டும் கம்பியின் வெப்பமும், நைட்ரிக், சல்ஃபூரிக் அமிலங்கள் உருவாவதால் எழும் வெப்பமும் கழிக்கப்படும்.

சான்றாக, ஏற்புத்திறன் டிகிரிக்கு 10 கிலோஜூல் எனவும், திருத்தங்களுக்குப் பிந்தைய உயர்வு 1.50 டிகிரி எனவும் கொள்வோம். வெளியான வெப்பம் கிராமுக்கு 15 கிலோஜூல். அதாவது கிலோவுக்கு 3585 கிலோகலோரி. இது 13ஆம் தரம் (3401–3700). உயர்வு 1.56 டிகிரி எனப் பதிவாகியிருப்பின் மதிப்பு 3728 ஆகி, 12ஆம் தரத்துக்குள் சென்றுவிடும். டிகிரியின் நூறில் ஆறு பங்கு, விலையை மாற்றப் போதுமானது.

ஈரப்பதத்தின் பங்கு
தரம், 40 டிகிரி வெப்பநிலையிலும் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்திலும் சமநிலையடைந்த மாதிரிக்கே வரையறுக்கப்படுகிறது. கொதிகலனோ வந்தடைந்த நிலையிலுள்ள நிலக்கரியையே எரிக்கிறது. மேற்கண்ட மாதிரியின் சமநிலை ஈரப்பதம் 6 விழுக்காடு, வந்தடைந்த நிலக்கரியின் ஈரப்பதம் 14 விழுக்காடு எனின், 3585 என்பது 86/94 மடங்காகக் குறைந்து 3280 ஆகிறது. சுரங்கத்தின் எண்ணும் மின்நிலையத்தின் எண்ணும் வேறுபட்டபோதும் இரண்டும் பிழையற்றவையாக இருக்கக்கூடும். மேலும், கலத்துள் குளிர்ந்து நீராகும் ஆவி, கொதிகலனில் உள்ளுறை வெப்பத்துடன் புகைபோக்கி வழியே வெளியேறுவதால், பயன்படும் வெப்பம் இன்னும் குறைகிறது.

முடிவுரை
ஆயிரக்கணக்கான டன் சரக்கை ஒரு கிராம் மாதிரி பிரதிநிதித்துவம் செய்கிறது. எனவே மாதிரி எடுத்த முறை, ஈரப்பத அடிப்படை, அளவுத்திருத்தம் ஆகிய மூன்றையும் வெப்பமதிப்புடன் சேர்த்துப் பதிவு செய்வது இன்றியமையாதது.